ஆறு டிக்கெட், ரெண்டு கேபின், ஒரு கப்பல்

புனேயில் பொட்டி தட்டிக் குடும்பம் நடத்தும் நம்மாட்களுக்கு வருடத்தில் ஒரு பெரிய செலவு நிரந்தரம். ஊருக்குப் போய் வருவது. அதில் மிச்சம் பிடித்தால்தான் மற்றதெல்லாம். லோணாவாலா, மகாபலேஷ்வர், ஷீரடி என்று பக்கத்தில் இருப்பதையெல்லாம் முடித்துவிட்டோம் என்றால் பிள்ளைகள் அடுத்து கேட்பது கப்பல். "என் க்ளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்கப்பா." அந்த எல்லாரையும் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ரெண்டு பேர். :)

நாங்கள் நாலு பேர். நான், தங்கமணி, ஒன்பது வயதில் ஒரு வால், ஐந்து வயதில் இன்னொரு வால். அதோடு நாகூர் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும். ஆறு டிக்கெட். இந்த ஆறு டிக்கெட்டைக் கைக்கு அடக்கமாக வாங்குவது எப்படி என்று கிட்டத்தட்ட மூன்று மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவே ஒரு தனி எக்செல் ஷீட்டே ஓடியது. அந்தக் கணக்கு உங்களில் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் விளம்பரம். "ஆளுக்கு இருபதாயிரம் முதல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த 'முதல்' என்ற சொல்லுக்குள் இருக்கிறது சூட்சுமம். கப்பல் கட்டணம் ரயில் டிக்கெட் மாதிரி தலைக்கு இவ்வளவு என்று நேராகப் போகாது. ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்பதுதான் அடிப்படை. அந்த இரண்டு பேருக்கு முழுக் கட்டணம். அதே கேபினில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுப்பவருக்குக் குறைந்த கட்டணம். அவர் குழந்தையாக இருக்கவேண்டும் என்றுகூட பல இடங்களில் இல்லை. மூன்றாவது ஆள் என்றால் மூன்றாவது ஆள், அவ்வளவுதான். இதைத் திருப்பிப் பாருங்கள். அம்மா ஒருவர் மட்டும் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனால், அந்தக் குழந்தை இரண்டாவது ஆள். பெரியவருக்கு உண்டான முழுக் கட்டணத்தையும் பெரும்பாலும் கட்டத்தான் வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது அநியாயம் என்பது என் கட்சி. ஆனால் அவர்கள் விற்பது கேபினை, ஆளை அல்ல.

இப்போது "குழந்தைகளுக்கு இலவசம்" என்ற அறிவிப்புக்கு வருவோம். இலவசம் என்பது கேபின் கட்டணம் மட்டும். துறைமுகக் கட்டணம், சர்வீஸ் சார்ஜ், வரி மூன்றும் அநேகமாகக் குழந்தைக்கும் உண்டு. முதன்முதலில் ஒரு கொட்டேஷனில் 'கிராஜுவிட்டி' என்று ஒரு வரியைப் பார்த்துத் திகைத்துப் போனேன். நம்மூரில் ரிடையர் ஆனால் நமக்குக் கொடுப்பது கிராஜுவிட்டி. கப்பலில் ஏறினால் நாம் அவர்களுக்குக் கொடுப்பது!

ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் நான் சும்மா போட்டவை, விலைப்பட்டியல் என்று நினைத்து யாரும் சண்டைக்கு வராதீர்கள். மூன்று ராத்திரிப் பயணம், ஆளுக்கு 20,000. எங்கள் ஆறு பேரில் நாலு பேருக்கு முழுக் கட்டணம், 80,000. பிள்ளைகள் இருவரும் 'இலவசம்'. துறைமுகக் கட்டணமும் சர்வீஸ் சார்ஜும் சேர்த்துத் தலைக்கு 5,000 என்றால் ஆறு பேருக்கு 30,000. ஆக 1,10,000, வரி தனி. இதை ஆறு ஆள், மூன்று ராத்திரி, அதாவது பதினெட்டால் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு ராத்திரி 6,111 ரூபாய். பக்கத்திலேயே இரண்டு ராத்திரிப் பயணம் ஆளுக்கு 14,000 என்று இருக்கிறது. நாலு பேருக்கு 56,000, தலைக்கு 4,000 வீதம் 24,000, மொத்தம் 80,000. பார்த்தால் மலிவு. பன்னிரண்டால் வகுத்தால் 6,667. சின்னப் பயணம்தான் விலை அதிகம். அதற்காகக் கையில் எண்பதாயிரம்தான் இருக்கிறது என்பவரிடம் போய் "வகுத்துப் பாருங்க சார்" என்று சொல்ல முடியாது, அதுவும் உண்மை. ஆனால் எந்த இரண்டை ஒப்பிட்டாலும் கடைசித் தொகையை எடுத்து இப்படி வகுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் இருக்கும் முதல் எண்ணை வைத்து ஒப்பிடவே கூடாது.

ஒரு ஏஜென்ட் எனக்குச் சொன்ன தொகைக்கும் கடைசியில் பணம் கட்டும் பக்கத்தில் வந்த தொகைக்கும் இடையில் ஒரு மாத வீட்டு வாடகை வித்தியாசம். "அது டாக்ஸ் சார், எல்லாருக்கும் தெரியுமே" என்றார். அதற்குப் பிறகு எவரிடம் பேசினாலும் முதல் கேள்வியாக "ஆறு பேருக்கும் எல்லாம் சேர்த்து, என் கார்டிலிருந்து எவ்வளவு போகும்?" என்றுதான் கேட்டேன். இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவரிடம்தான் வாங்கினேன்.

சரி, எந்தக் கப்பல்? நமக்குப் பக்கம் மும்பை. கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இதில் ஏன் அவசரப்படக்கூடாது என்பது புரியும். 2005 வாக்கில் ஸ்டார் குரூஸஸின் சூப்பர்ஸ்டார் லிப்ரா மும்பையிலிருந்து ஓடியது, பிறகு போய்விட்டது. 2018 அக்டோபரில் மராட்டியக் கடற்படைத் தளபதி கனோஜி ஆங்க்ரேயின் பெயரில் ஆங்க்ரியா என்ற கப்பல் மும்பை - கோவா ஓடத் தொடங்கியது, அதுவும் நிலைக்கவில்லை. 2019-ல் ஜலேஷ் குரூஸஸ் கர்ணிகா என்ற பெரிய கப்பலைக் கொண்டுவந்தது. 2020-ல் கொரோனா வந்தது, கம்பெனி மூடியது, கப்பல் குஜராத் ஆலங்கில் உடைக்கப்பட்டது. பிறகு 2021 செப்டம்பரில் கோர்டெலியா வந்தது. அதன் எம்ப்ரஸ் கப்பல் 1990-ல் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டது. வயதானாலும் எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவான கேபின்களும் பிள்ளைகளுக்கு ஏறி விளையாடப் பாறைச் சுவரும் உண்டு. மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று போகும். மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால் 2022, 2023 ஜூனில் சென்னைப் பக்கம் போனது. 2022-ல் புதுச்சேரிக்குள் விடுவதா என்று சூதாட்டக்கூடத்தைச் சொல்லிப் பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கலாம். 2023-ல் இலங்கைக்கும் போனது, காங்கேசன்துறை உட்பட.

இத்தனை கம்பெனிகள் வந்து போனதைப் பார்த்தவன் என்ற முறையில், ஒரு வருடம் முன்னால் முழுப் பணத்தையும் கட்டிவைக்க எனக்குத் தயக்கம். நாலைந்து மாதம் முன்னால் என்றால் சரி. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.

கடைசி நேரத்தில் விலை குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் அது கணவன் மனைவி இருவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடியவர்களுக்கு. நாலு படுக்கை உள்ள கேபின்கள் எந்தக் கப்பலிலும் குறைவு, அவைதான் முதலில் தீரும். எங்கள் தேதியில் நாலு பேர் கேபின் இல்லை, மூன்று பேர் கேபின் இரண்டு இருந்தது. கணக்கு ஒன்றேதான், அப்போதும் முழுக் கட்டணம் நாலு பேருக்கு. அப்பா, அம்மா, பேத்தி ஒன்றில். நான், தங்கமணி, சின்னவன் ஒன்றில். மூன்றாவது படுக்கை சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கை. பேத்திக்கு அது ரயில் அப்பர் பெர்த்தைவிடக் கொண்டாட்டம். சின்னவனை அதில் ஏற்ற எனக்கு மனமில்லை, அதில் நானே ஏறிக்கொண்டேன்.

'கேரண்டி' என்று இன்னொரு மலிவு வகை உண்டு. கேபின் வகையை மட்டும் நாம் சொல்வோம், எந்த எண் என்பதைக் கப்பல்காரர்கள் கடைசியில் முடிவு செய்வார்கள். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு இது வேண்டாம். ஒன்று கப்பலின் இந்தக் கோடியிலும் இன்னொன்று அந்தக் கோடியிலும் விழுந்தால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் பிரஷர் மாத்திரையைத் தேடி யார் ஓடுவது?

தேதிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம். தீபாவளி விடுமுறை, கிறிஸ்துமஸ், ஜனவரி 26 ஒட்டிய வார இறுதி, இதெல்லாம் உச்சம். பொங்கல் முடிந்த பிறகு ஜனவரியில் வார நடுவில் கிளம்பும் பயணங்களைப் பார்த்தேன். அதே கேபின், அதே சாப்பாடு, நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டு நாள் பள்ளிக்கு லீவு போடவேண்டும். தங்கமணி டீச்சருக்கு உண்மையையே எழுதினாள், தாத்தாவோடு கப்பலில் போகிறோம் என்று. டீச்சர் மராத்தியில் ஒரு வாழ்த்து அனுப்பினார்.

மும்பை மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். கொச்சியிலிருந்து லட்சத்தீவு நிர்வாகத்தின் ஸ்போர்ட்ஸ் அமைப்பு 'சமுத்திரம்' என்று ஒரு பயணம் வைத்திருக்கிறது. எம்.வி. கவரத்தி கப்பலில் ஐந்து நாள். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள், ராத்திரி கப்பலிலேயே படுக்கை. கேளிக்கை எல்லாம் கிடையாது, ஆனால் தீவு பார்க்கவேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து அந்தமான் போகும் அரசுக் கப்பல் இன்னும் மலிவு. மூன்று நாள் வரை ஆகும், பங்க் வகுப்பு ஒரு பெரிய டார்மிட்டரி. சின்னக் குழந்தையோடு நான் துணியமாட்டேன், காலேஜ் பிள்ளைகளோடு போகலாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் கேபின் விலை சில நேரம் நம்மூரோடு போட்டி போடும். ஆனால் ஆறு விமான டிக்கெட், ஆறு விசா, பாஸ்போர்ட் புதுப்பிப்பது என்று கூட்டினால் கதை வேறு. டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள், அதை வருமான வரியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும் இன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான்.

எட்டு கேபின் அளவுக்கு ஆள் சேர்த்தால் பல கம்பெனிகள் குரூப் ரேட் தரும். பிம்ப்ளே சௌதாகரில் எங்கள் அபார்ட்மென்டில் மட்டும் தமிழ்க் குடும்பம் பதினொன்று. எட்டு குடும்பத்தை ஒரு தேதிக்குச் சம்மதிக்க வைக்க முயன்றேன். நவராத்திரி கொலு யார் வீட்டில் முதலில் என்பதிலேயே ஒத்துப்போகாத ஜனங்கள். விட்டுவிட்டேன்.

இவ்வளவும் பணக் கணக்கு. உண்மையில் எனக்குப் பெரிய பிரச்சினை அப்பாதான். வரமாட்டேன் என்றுவிட்டார்.

என் தாத்தா பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் அப்போது இது சாதாரணம். சென்னையில் கிளம்பும் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். 1926-ல் கட்டிய கப்பல், 1973 வரை அந்த வழியில் ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். பணம் உள்ளவர்களுக்கு கேபின். மற்ற ஜனம் ஆயிரக்கணக்கில் டெக்கில், பாயும் பெட்டியும் போட்டு. தாத்தா டெக். மூன்று நாலு வருடத்துக்கு ஒருமுறை வருவார். 1960-ல் வந்துபோனவர் பிறகு வரவில்லை. 1962-ல் அங்கேயே போய்விட்டார். கடிதம் வந்து சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டது. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது.

அப்பா இதைப் பற்றிப் பேசமாட்டார். நாகூர் தர்காவுக்குப் போனாலும் கடற்கரைப் பக்கம் வரமாட்டார் என்பதை நாங்களாகக் கவனித்ததுதான். அதனால் கப்பல் என்றதும் "எனக்கு எதுக்குப்பா, ஒரு டிக்கெட் மிச்சம், நீங்க போயிட்டு வாங்க" என்றார். அவர் இல்லாவிட்டால் அம்மா வரமாட்டாள். அம்மா வந்தாலும் ஒரு கேபினில் பேத்தி இரண்டாவது ஆளாகி முழுக் கட்டணம் வந்து நிற்கும். அதை எக்செல் ஷீட்டில் காட்டினேன். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "அப்ப நான் வரலைன்னாலும் பெருசா ஒண்ணும் மிச்சம் ஆவாது போலருக்கே" என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "எழுவத்தஞ்சு வயசாவுது, இன்னும் எந்த வருசத்துக்கு வச்சிருக்கீங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரே கேள்விதான் கேட்டார். உள் கேபினா, ஜன்னல் வைத்ததா? ஜன்னல் இல்லாத இன்டீரியர்தான் குறைந்த விலை. கடல் தெரியும் கேபினுக்கு ஆறு பேருக்கும் சேர்த்துக் கணிசமாக ஏறியது. முதல் முறை கடலில் போகிற அப்பாவுக்காகவாவது ஒன்றை மட்டும் ஜன்னல் வைத்து எடுக்கலாம் என்று நானும் தங்கமணியும் பேசி வைத்திருந்தோம். அப்பா வேண்டாம் என்றார். "படுக்கறதுக்கு எதுக்கு ஜன்னல்? பாக்கணும்னா மேல வந்து பாத்துக்கறது. உங்க தாத்தா மேலயேதானே போனாரு."

இரண்டும் இன்டீரியர். கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் கேட்டு வாங்கினேன், ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டலுக்கு டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டது ஒரு வேளைக்கு மட்டும் தேவைப்பட்டது, அதுவும் எனக்கு.

அவர்கள் காரைக்கால் ரயிலில் புனே வந்தார்கள். நாலு நாள் ஓய்வு. பிறகு காலை 7.15 டெக்கான் குவீன், சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி இரண்டு டாக்சி, பக்கத்திலேயே பல்லார்ட் பியர். காரில் போய் மூன்று நாள் பார்க்கிங் கட்டுவதைவிட இது பாதி செலவு, எக்ஸ்பிரஸ்வே நெரிசலில் கப்பலைத் தவறவிடும் பயமும் இல்லை. பெரியவர்கள் ஆதார், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எல்லாம் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் கவனிக்கவும்: ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள், நீண்ட பயணம் என்றால் ஒரு வயது கேட்பார்கள்.

உள்ளே போனதும் காசு கேட்காத சாப்பாட்டுக் கூடங்கள் எவை, கேட்பவை எவை என்று முதல் அரைமணியில் தெரிந்துகொண்டோம். குளிர்பானம், வைஃபை, போட்டோ மூன்றும் தனிக் காசு. நாலாவது ஆபத்து கேம்ஸ் கூடம். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் மொத்தப் பயணத்துக்கும், தீர்ந்தால் தீர்ந்தது என்று ஏறும் முன்பே பேசி வைத்திருந்தோம். சின்னவன் முதல் நாளே தீர்த்துவிட்டான். மற்ற நேரமெல்லாம் நீச்சல் குளத்தில் ஊறிக் கிடந்தான். கோவாவில் கப்பல்காரர்களின் பஸ் டூர் எடுக்காமல் வாசலில் டாக்சி பேசிப் போனதில் பாதிக்குமேல் மிச்சம்.

கப்பல் கிளம்பியது சாயங்காலம். எல்லாரும் மேல் தளத்தில் பாட்டும் கூத்துமாக இருந்தார்கள். அப்பா மட்டும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கொலாபா விளக்குகள் சின்னதாகிக்கொண்டே வந்தன. வெகு நேரம் கழித்து, "ஏம்ப்பா, கரையில நிக்கற ஆளு இங்கேருந்து எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியும்?" என்று கேட்டார்.

முகம் தெரியாது, ஆள் நிற்பது கொஞ்ச தூரம் தெரியும் என்றேன்.

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தா?"

அது இன்னும் கொஞ்சம் கூட தெரியும் என்றேன். தலையாட்டினார். பேத்தி வந்து பசிக்குது தாத்தா என்று இழுக்கும்வரை அங்கேயே நின்றார். அன்று ராத்திரி சாம்பார் சாதம், அப்பளம் எல்லாம் கேட்டு வாங்கி நன்றாகச் சாப்பிட்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போனில் ஒரு சமாச்சாரம் சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே, மழைக்கு நிறுத்தி 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்களே, அது நாலு மணி நேரப் பயணம்தானாம். பெரியவர் டிக்கெட் எவ்வளவு, சின்னப் பிள்ளைக்கு என்ன, துறைமுகக் கட்டணம் அதில் சேர்ந்ததா தனியா என்று கேட்டுவைத்து ஒரு தாளில் எழுதியிருக்கிறாராம். "நீ அந்தப் பதினெட்டால வகுத்த மாதிரி இதையும் ஒரு தடவ வகுத்துப் பாத்துச் சொல்லு" என்றார்.